வளைகுடாப் பக்கத்தில் அந்த மண்ணுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சவூதி அரேபியாவின் தாயிஃப் நகரில் 19 வருடம் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். உங்கள் நாளிதழில் இன்றும் முதலில் பார்ப்பது வளைகுடாச் செய்திகளைத்தான். விசா விதி, ரியால் மதிப்பு, விபத்து, ஊருக்கு வந்து சேர்ந்த உடல். எல்லாமே தேவையான செய்திகள்தான். ஆனால் நம் ஆட்கள் பாதி ஆயுளைக் கழிக்கும் அந்த மண் எப்படி இருக்கும் என்று ஒரு வரிகூட நான் படித்ததில்லை. 'அங்கே என்ன, வெறும் மணல்தானே' என்றுதான் வீட்டில் கேட்கிறார்கள். 15 வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். கேம்ப், சைட், வெள்ளிக்கிழமை துணி துவைப்பது, தூக்கம்.

அப்புறம் ஒரு ஜனவரி மாத வெள்ளிக்கிழமை, எங்கள் சைட்டில் வண்டி ஓட்டிய சூடான் நாட்டுக்காரர் அறையில் இருந்த நான்கு பேரையும் 'அல் வஹ்பா' என்ற எரிமலையைப் பார்க்கக் கூட்டிப்போனார். விடிகாலை பாங்கு சொன்னதும் கிளம்பினோம். தாயிஃபிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். போகப்போக மணல் குறைந்து, ஜல்லியை லாரி லாரியாகக் கொட்டிப் பரப்பியது போல இருபுறமும் கருங்கல். எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த இந்த நிலத்தை அரபியில் 'ஹர்ரா' என்கிறார்கள். நாங்கள் போனது ஹர்ரத் கிஷ்ப் என்ற பரப்பின் ஓரத்துக்கு.

எரிமலை என்றதும் ஒரு மலையைத்தான் தேடினேன். மலை எதுவும் ஏற வேண்டியிருக்கவில்லை. சமதரையில் நடந்துகொண்டிருந்தோம், காலடியில் நிலம் சட்டென்று முடிந்துவிட்டது. கீழே ஒரு பெரும் பள்ளம்: சுமார் 2 கிலோமீட்டர் அகலம், 250 மீட்டர் ஆழம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் விளிம்புக்கு எட்டாது. அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் தரை. நாங்கள் நால்வரும் வெகுநேரம் பேசவே இல்லை.

வானத்திலிருந்து எரிகல் விழுந்த பள்ளம் என்றுதான் முன்பு நினைத்தார்களாம். நிலவியலாளர்கள் ஆராய்ந்து, இது எரிமலை வேலைதான் என்று சொன்னார்கள். கீழிருந்து மேலேறிய நெருப்புக் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டிருக்கிறது. காய்ந்த எண்ணெயில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று நம் அடுப்படியில் எல்லோருக்கும் தெரியும். அதுவே பூமிக்குள் நடந்தால்? தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி மேலே இருந்த பாறையையெல்லாம் தூக்கி வீசிவிட்டது. மழை பெய்தால் பள்ளத்தில் நீர் தேங்கும், வெயிலில் வற்றும், உப்பு மட்டும் தங்கும். அந்த வெள்ளை இப்படி வந்ததுதான்.

டிரைவர் சொன்ன கதை வேறு. தமிய்யா என்ற மலை இங்கே நின்றதாம். ஒரு இரவு மின்னல் வெளிச்சத்தில் தூரத்தில் கதன் என்ற மலையைப் பார்த்து மனதைப் பறிகொடுத்து, வேரோடு பிடுங்கிக்கொண்டு அவனிடம் பறந்துவிட்டாள். பொறாமை கொண்ட இன்னொரு மலை அம்பெய்து அவளை வீழ்த்தியது. அவள் எழுந்துபோன இடம்தான் இந்தப் பள்ளம். அந்தப் பெயர்களில் மலைகள் வடக்கே கஸீம் பக்கம் இன்றும் நிற்கின்றன. எனக்கு இரண்டு கதையும் வேண்டும்.

இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. ஏறும்போதுதான் தவித்துப்போனோம். ஐந்து பேருக்கு மூன்று பாட்டில் தண்ணீர் மட்டும் கொண்டுபோயிருந்தோம், ஏறத் தொடங்கும்போதே மணி பதினொன்று. எங்களில் இளையவனான புதுக்கோட்டைத் தம்பி பாதி வழியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான். பாறை நிழலில் அரை மணி நேரம் படுக்கவைத்து, இருந்த தண்ணீரை அவனுக்கே கொடுத்து ஏற்றிவந்தோம். அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: குளிர்மாதங்களில் மட்டும் போங்கள், ஆளுக்கு நான்கு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள், காலையிலேயே இறங்கி வெயில் ஏறுமுன் மேலே வந்துவிடுங்கள். மழை பெய்திருந்தால் அந்த வெள்ளைத் தரையில் கால் வைக்க வேண்டாம், சேற்றில் புதையும்.

மதீனாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும், 1256-இல் அந்த நகரத்துக்கு அருகே எரிமலை வெடித்து, குழம்பு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது என்று? 2009-இல் ஹர்ரத் லுனய்யிர் பகுதியில் நிலம் தொடர்ந்து அதிர்ந்து, பல்லாயிரம் பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். அப்போது நான் அந்த நாட்டில்தான் இருந்தேன். ஏன் அதிர்ந்தது என்று எனக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை.

வாரத்தில் ஒரு நாள், ரியால் விலைக்குக் கீழே ஒரு சின்னப் பத்தி ஒதுக்குங்கள் ஐயா. அங்கே இருப்பவர்களையே எழுதச் சொல்லுங்கள். தாங்கள் பார்த்த மலை, பள்ளம், ஊற்று எதுவானாலும் சரி. அல் வஹ்பாவில் எடுத்த ஆறு படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது படத்தில் வெள்ளைத் தரையில் எறும்பு போலத் தெரிவது நாங்கள்தான்.

தாயிஃபில் வேலை பார்த்து ஊர் திரும்பிய வாசகர்,
பரமக்குடி