300 மைக்ரான் பிழையும் நான் பட்ட கடனும்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வேடு போன வாரம் அச்சுக்குப் போய்விட்டது. நன்றி சொல்ல அதில் ஒரே ஒரு பக்கம். பெயர்களை வரிசையாக அடுக்கியதோடு அந்தப் பக்கம் தீர்ந்துபோனது. யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பதை எங்காவது சொல்லாவிட்டால் மனசு கேட்காது என்பதால் இந்த மடல். பெயர்களை விட்டுவிட்டேன்; படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் பதில் இதுதான்: முடுக்கியின் காந்தங்களைக் கம்ப்யூட்டருக்குள் வேண்டுமென்றே கோணலாக வைத்துவிட்டு, எலக்ட்ரான் கற்றை எவ்வளவு கெட்டுப்போகிறது என்று பார்ப்பது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் நேர்கோட்டு முடுக்கியில் கற்றை ஒரே ஒரு முறைதான் போகிறது. சுற்றிச் சுற்றி வந்து மெல்ல மெல்லச் சீராகிக்கொள்ளும் வசதி அதற்குக் கிடையாது. வழியில் கெட்டது கெட்டதுதான். நான் எடுத்துக்கொண்டது 2013-இல் வடிவமைப்பு அறிக்கை வெளியான ஐஎல்சி; எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் நேருக்கு நேர் மோதவிடத் திட்டமிட்ட சர்வதேச நேர்கோட்டு முடுக்கி. 500 ஜிஇவி மோதல் ஆற்றலுக்கான வடிவத்தில் மொத்த நீளம் சுமார் 31 கிலோமீட்டர், மோதும் இடத்தில் கற்றையின் செங்குத்து அளவு 5.9 நானோமீட்டர். ஆனால் கற்றையை முடுக்கும் கேவிட்டிகளையும் அதைக் குவிக்கும் குவாட்ருபோல் காந்தங்களையும் கிரையோமாட்யூல் என்ற கடுங்குளிர்க் கலனுக்குள் பொருத்தும்போது சராசரியாக 300 மைக்ரான் விலகும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே தொடங்குகிறது. அதாவது மூன்று நான்கு தலைமுடியின் தடிமன். 5.9 நானோமீட்டரோடு ஒப்பிட்டால் ஐம்பதாயிரம் மடங்கு!

முதலில் என் வழிகாட்டிக்கு. மேடம், முதல் ஆறு மாதம் உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். வெவ்வேறு பிழைகளோடு நூறு மெஷினை, அதாவது நூறு மாதிரி முடுக்கிகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் படம் போடலாம் என்று நான் துடித்துக்கொண்டிருக்க, நீங்களோ ஒரே ஒரு கேவிட்டியை மட்டும் சாய்த்து, விடையைக் கையால் போட்டுக் கொண்டுவரச் சொன்னீர்கள். முடுக்கும் புலம் மீட்டருக்கு 31.5 மெகாவோல்ட், கேவிட்டி ஏறத்தாழ ஒரு மீட்டர், சாய்வு 300 மைக்ரோரேடியன். பெருக்கினால் பக்கவாட்டு உதை ஒன்பதரை கிலோவோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. என் கம்ப்யூட்டர் கோடும் (நிரலும்) அதையே சொன்னது. வெற்றி என்று ஓடி வந்தேன். தாளைப் பார்த்துவிட்டு, "நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் புலம் எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டீர்கள். கேவிட்டியின் இரண்டு முனைகளிலும் உள்ள ஓரப் புலம் அந்த உதையில் பாதியைத் தின்றுவிடும் என்பது அன்று ராத்திரிதான் உறைத்தது. கைக்கணக்கும் கோடும் ஒத்துப்போனது, இரண்டிலும் ஒரே தப்பை நான் செய்திருந்ததால்.

அடுத்து, கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு. ஒருநாள் காலையில் உங்களிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல்: "தம்பி, உன் நூறு ஃபைலும் ஒண்ணே. தொண்ணூத்தொம்பதை அழிச்சிடவா?" டிஸ்கில் இடம் போதாமல், இரட்டிப்பாக இருக்கும் ஃபைல்களைத் தேடியிருக்கிறீர்கள். நான் அதற்கு முந்தின நாள்தான், திருத்தம் செய்த பிறகு நூறு மெஷின்களும் கொஞ்சம்கூடச் சிதறாமல் ஒரே கோட்டில் வருகின்றன என்று படம் போட்டு மகிழ்ந்திருந்தேன். சிதறாமல் வராமல் என்ன செய்யும்? ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் ஸீடை, ஒவ்வொரு மெஷினுக்கும் திரும்ப ஓடும் லூப்புக்கு உள்ளே வைத்துவிட்டேன். ஒவ்வொரு மெஷினும் அதே பிழைகளோடு பிறந்திருக்கிறது. ஒரு மெஷினை நூறு தடவை ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த மின்னஞ்சல் மட்டும் வரவில்லை என்றால் அந்தப் படம் ஆய்வேட்டிலேயே ஏறியிருக்கும்.

இப்போது சர்வே அண்ணன். இவருக்குத்தான் அதிகம் எழுத வேண்டும்.

சுரங்கத்துக்குள் லேசர் டிராக்கர் என்ற அளவைக் கருவியை வைத்துக்கொண்டு காந்தங்களை இடத்தில் நிறுத்துகிறவர் நீங்கள். என் பிழை அட்டவணையை உங்களிடம் காட்டினேன். ஒவ்வொரு காந்தத்துக்கும் தனித்தனியாக ஒரு ரேண்டம் எண், 300 மைக்ரான் அகல மணிவடிவப் பரவல் (காஸியன்), அந்த அகலத்தின் மூன்று மடங்குக்கு மேல் வெட்டியது. நீங்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒவ்வொரு காந்தமும் தானாவே ஒரு இடம் பார்த்து நின்னுக்குதா?" என்றீர்கள். அப்புறம் அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே பென்சிலால் வரைந்து காட்டினீர்கள். டிராக்கரை ஓரிடத்தில் வைத்துக் கண்ணில் படுவதை எல்லாம் அளப்பது, அதைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து, பழைய புள்ளிகளில் சிலவற்றை மறுபடி பார்த்து அங்கிருந்து தொடர்வது. ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு துளி பிழை. அது அடுத்ததின் தலையில் ஏறும், அதற்கடுத்தது இரண்டையும் சுமக்கும். பென்சில் கோடு தாளின் மறுகோடிக்குப் போனபோது எங்கேயோ விலகியிருந்தது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் மட்டும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன.

அதன்பிறகு என் பிழை மாதிரியை அடியோடு மாற்றி எழுதினேன். கேவிட்டி கிரையோமாட்யூலைப் பொறுத்து விலகும், கிரையோமாட்யூல் சர்வே கோட்டைப் பொறுத்து விலகும், சர்வே கோடே தள்ளாடிப் போகும். அதற்கும் மேல் நில அசைவு: இரண்டு புள்ளிகளுக்கு இடையே சேரும் விலகலின் இருபடிச் சராசரி, காலத்தோடும் தூரத்தோடும் வளரும் என்கிற ஏடிஎல் விதி. எல்லாம் சேர்ந்தால் கற்றை செத்தது என்று பயந்தேன். நடந்தது வேறு. பல கிலோமீட்டருக்கு மெதுவாகப் பரவும் ஒரு மில்லிமீட்டர் விலகல் கற்றைக்கு உறைக்கவே இல்லை. அது பாட்டுக்கு வளைந்து பின்னாலேயே போய்விடுகிறது. கற்றை இயல்பாக ஊசலாடும் பீட்டாட்ரான் அலைநீளத்தை ஒட்டிய தூரத்தில் அதைவிடச் சின்ன விலகல் வந்தாலே எமிட்டன்ஸ், அதாவது கற்றையின் அகலமும் சிதறலும் சேர்ந்த அளவு, ஏறிவிடுகிறது. எத்தனை மைக்ரான் என்று இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தவன், எந்த அலைநீளத்தில் என்று கேட்கத் தொடங்கியது அந்தப் பென்சில் கோட்டுக்குப் பிறகுதான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நேரில் பார்த்திராத இருவருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். ரவுபன்ஹைமரும் ரூத்தும் 1991-இல் எழுதிய டிஸ்பெர்ஷன் (ஆற்றல் மாறினால் கற்றையின் பாதை விலகுவது) இல்லாத் திருத்த முறை இல்லாவிட்டால் என் ஆய்வேட்டில் பாதி இல்லை. கற்றை எங்கே போகிறது என்று சொல்ல பிபிஎம் கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவையும் 300 மைக்ரான் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கும். அவற்றின் நடுவுக்குக் கற்றையை இழுத்துச் செல்வது, கோணல் ரசமட்டத்தை நம்பிச் சுவர் எழுப்புகிற கதை. இவர்கள் சொன்னது: இரண்டு வெவ்வேறு ஆற்றலில் கற்றையை அனுப்பு, இரண்டு பாதைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறை. கழிக்கும்போது பிபிஎம் தள்ளி நிற்பது அடிபட்டுப் போகும். மிச்சம் கருவியின் நுட்பம் மட்டும், ஒரு மைக்ரான் அளவில். முதல் தடவை புரிந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நடந்தேன். (அதை அப்படியே போட்டு நான் மண்ணைக் கவ்வியதும் உண்டு. ஐஎல்சியின் லினாக் (நேர்கோட்டு முடுக்கி) பூமியின் வளைவோடு போகிறது. 10 கிலோமீட்டரின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் விலகல். அங்கே டிஸ்பெர்ஷனைச் சுழியாக்கக் கூடாது, வடிவமைப்பு சொல்லும் மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும்.)

என் பிழைக் கோப்பை அப்படியே வாங்கி வேறொரு கோடில் ஓட்டிப் பார்த்த தோழிக்கும் நன்றி. மூன்று வாரம் உன் சொந்த வேலையைப் போட்டுவிட்டு இதைச் செய்தாய். இரண்டு கோடும் ஒத்துப்போகாத அந்த ஒரு இடத்தில் தப்பு உன்னுடையது என்று நான் அடித்துச் சொன்னேன். என்னுடையதுதான். சாய்வின் குறி தலைகீழ். அன்று கத்தியதற்கு இப்போது எல்லோர் முன்னாலும் மன்னிப்பு.

பிளேசெட் என்ற முடுக்கிக் கணக்கீட்டுக் கோடை எழுதி, இலவசமாகத் தந்து, அதற்கான டிசிஎல் நிரல்மொழி தெரியாமல் நான் கேட்ட அசட்டுக் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதியவர்களுக்கும் என் வணக்கம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இங்கே எழுதப் போவதில்லை, நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

பிழை மாதிரிக் கோப்புகள் வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சர்வே அண்ணன் சொன்னபடி எழுதிய புதியது தயாராக இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். ஸீட் லூப்புக்கு வெளியேதான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
கோணல் காந்தக்காரன்