நியாமிநியாமி கதையில் விட்டுப்போனவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆப்பிரிக்காவின் ஜாம்பசி ஆற்றுத் தெய்வம் நியாமிநியாமி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மீன் தலையும் பாம்பு உடலும் கொண்ட அந்தத் தெய்வம், அந்த ஆற்றின் குறுக்கே காரிபா அணை கட்ட வந்தவர்களைப் பழிவாங்கிய கதை விறுவிறுப்பாகத்தான் இருந்தது. 1957இல் வெள்ளம், அடுத்த ஆண்டே அதைவிடப் பெரிய வெள்ளம், கட்டுமானத்தில் 86 பேர் பலி. எல்லாம் சரி. ஆனால் அந்தத் தெய்வத்தைக் கும்பிட்ட டோங்கா மக்கள் ஒரே வரியில் வந்து போய்விட்டார்கள். அது மனசை உறுத்தியதால் எழுதுகிறேன்.

ஜாம்பியாவில் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். அங்கே யாரும் எனக்கு நியாமிநியாமியைக் கோபக்காரத் தெய்வம் என்று அறிமுகம் செய்யவில்லை. பஞ்ச காலத்தில் தன் உடம்புச் சதையையே அறுத்துக்கொள்ளக் கொடுத்து ஊரைக் காப்பாற்றிய தெய்வம் என்றுதான் சொன்னார்கள். 'நியாமா' என்றால் இறைச்சி. பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள்.

அப்புறம் அதன் மனைவி கதை. ஆற்றின் குறுக்கே அணைச் சுவர் எழும்பியதில் மனைவி ஒரு பக்கம், நியாமிநியாமி மறுபக்கம் என்று மாட்டிக்கொண்டார்களாம். ஏரிப் பக்கம் நிலம் அதிரும்போதெல்லாம், அவளிடம் போக முட்டிமோதுகிறது என்பார்கள். தேங்கிய தண்ணீரின் பாரமே அதிர்வைத் தூண்டுகிறது என்று விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரிந்த தம்பதி கதையை டோங்கா மக்கள் ஏன் விடாமல் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆற்றின் இரு கரையிலும் அவர்களுக்குச் சொந்தபந்தம் இருந்தது. மரத்தைக் குடைந்த ஓடத்தில் ஏறினால் அக்கரையில் அத்தை வீடு. அணை வந்ததும் சுமார் 57,000 பேரைக் கிளப்பி, வடகரைக்காரர்களை ஒரு பக்கமும் தென்கரைக்காரர்களை மறுபக்கமும் மேட்டு நிலத்துக்கு அனுப்பினார்கள். நடுவே கடல் மாதிரி ஏரி. இன்று ஒரு கரை ஜாம்பியா, மறுகரை ஜிம்பாப்வே. தெய்வத்துக்கு நேர்ந்ததாகச் சொல்வது அவர்களுக்கே நேர்ந்ததுதான்.

வருடம் இரண்டு போகம் விளைந்த ஆற்றங்கரைத் தோட்டங்கள், முன்னோர் கல்லறைகள், மழை வேண்டி வழிபட்ட 'மலெண்டே' கோயிலிடங்கள் எல்லாம் மூழ்கின. 1958 செப்டம்பரில் சிசோமோ என்ற ஊரில், போக மாட்டோம் என்று ஈட்டியோடு நின்றவர்கள் மீது போலீஸ் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். ஏரி நிரம்பியபோது தண்ணீரில் சிக்கிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைப் படகில் மீட்ட கதைக்கு உங்கள் கட்டுரையில் அரைப் பக்கம் இருக்கிறது. இந்த எட்டுப் பேர் அதில் இல்லை. அணையில் எடுத்த மின்சாரம்கூடப் பல டோங்கா கிராமங்களுக்குப் பல பத்தாண்டுகள் வரவே இல்லை.

ஜாம்பியா பக்கத்துச் சியாவோங்கா ஊரில் ஏரிக்கரையோரம் ஒரு முதியவரிடம் வாங்கிய நியாமிநியாமி கைத்தடி இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒரே மரத்துண்டு. பாம்பு உடல் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. நடுவில் கூண்டு போலக் குடைந்து, அதற்குள் ஒரு மர உருண்டை. ஒட்டு எங்கும் இல்லை, ஆட்டினால் உருண்டை உருளும். விலை பேசும்போது அவர் ஏரியைக் காட்டி, "எங்க அம்மா ஊர் அதோ, அந்தத் தண்ணிக்கு அடியில" என்றார். பேரம் பேச வாய் வரவில்லை எனக்கு.

அந்த மக்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். அதுவரை, சிசோமோவைப் பற்றி ஒரு பத்தியாவது அடுத்த இதழில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி