ஒரு குடம் எண்ணெய்: திருப்பூரில் இருக்கும் நண்பனுக்கு

பாளையங்கோட்டை
5.10.2025

அன்புள்ள நண்பா,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டி.வி. சத்தம் அடங்கிவிட்டது. எங்கள் சபை வட்டாரமான சேகரத்தில் அசனப் பண்டிகைக்கு, அதாவது சபைப் பொதுவிருந்துக்கு, வரி பிரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்குக் கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியதிலிருந்து உன் ஊர் நினைவாகவே இருந்தேன். ஆர்டர் குறைந்தால் முதலில் ஓவர்டைம் போகும், பிறகு ஷிஃப்ட் போகும், கடைசியில் ஆள் போவான். நீ இரண்டாம் கட்டத்தில் நிற்கிறாய். வாரம் ஆறு நாள் ஒன்றரை ஷிஃப்ட் ஓடிய இடத்தில் இப்போது நான்கு நாள், ஒரு ஷிஃப்ட். ஒன்பது ஷிஃப்ட் கூலி நான்காகிவிட்டது. உன் மனைவியான தங்கச்சிக்கும் செக்கிங்கில் அதே கதி. "கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று வாயால் சொல்கிறேன், ராத்திரி தூக்கம் வரவில்லை, என் விசுவாசம் செத்துப்போயிற்றா?" என்று கேட்டிருக்கிறாய். சாகவில்லை. உனக்குக் கணக்குப் பார்க்கப் பயம். அதைத்தான் நீ விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

இரண்டாம் இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாகப் படி. கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். அந்த விதவையிடம் தீர்க்கதரிசி எலிசா கேட்பது, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்" என்பதுதான். அவளும், ஒரு குடம் எண்ணெய் தவிர ஒன்றுமில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். அயல்வீட்டுக்காரரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்குகிறாள். பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்றுபோகிறது. அடுத்து வருவதைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்டிருக்க மாட்டாய்: "நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்." அற்புதம் நடந்த வீட்டிலேயே கையிருப்பு, விற்பனை, கடன், ஜீவனம் என்று வரிசை இருக்கிறது. அவள் பட்டினியாகப் படுக்காதபடி பார்த்துக்கொண்ட அதே தேவன் அந்த வரிசையையும் கொடுத்தார்.

அதனால் அடுத்த சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும், நீயும் தங்கச்சியும் ஜெபம் பண்ணிவிட்டு ஒரு நோட்டோடு உட்காருங்கள். நீ எழுதிய கூலியை வைத்தே போட்டுப் பார்த்தேன். உனக்கு ஷிஃப்ட் 600, அவளுக்கு 450, நான்கு நாளைக்கு 4,200 ரூபாய். வாடகை 5,200-ஐ மாதக் கடைசியில் தேடாமல் வாரத்துக்கு 1,300 எடுத்து வைத்துவிடு. சாமான், காய், பால் 1,500. காஸ் சிலிண்டருக்கு 150. பள்ளி வேன், நோட்டுப் புத்தகம் 400. அம்மாவின் மாத்திரை 200. மொத்தம் 3,550. மீதி 650. இந்த 650-ஐ எங்கே விடப்போகிறாய் என்பதில்தான் உன் குடும்பத்தின் அடுத்த ஆறு மாதம் அடங்கியிருக்கிறது.

40,000 கடன் வாங்கட்டுமா என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,000, வாரத்துக்கு 500. மீதி 150. ஒரு வருஷம் கட்டினாலும் 24,000 போயிருக்கும், அசல் 40,000 அசையாமல் நிற்கும். தங்கச்சியின் செயினில் ஒரு பவுனை வங்கியில் வைத்தால் இன்றைய விலைக்கு 40,000 தாராளமாகக் கிடைக்கும். வட்டி பெரும்பாலும் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்குள் அடங்கும். அப்போது மாதம் 400, வருஷம் 4,800. கோயிலுக்கு வெறுங்கழுத்தோடு எப்படிப் போவது என்று அவள் தயங்குவதாக எழுதியிருந்தாய். அவளிடம் இந்த 24,000-ஐயும் 4,800-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டு. அடகு வைக்கும்போது சீட்டில் எடை, கல் கழித்த நிகர எடை, ஏலத்துக்குப் போகும் தேதி மூன்றையும் பார்த்து வாங்கு. தவணைத் தேதியை மறந்தால் நகை போய்விடலாம். அந்தத் தேதியைச் சுவர் காலண்டரில் வட்டம் போட்டு வை.

தண்டல்காரர் 9,000 கையில் கொடுத்து நூறு நாள் தினம் நூறு ரூபாய் வாங்குவதைப் பத்து சதவீத வட்டி என்று பேசுவார்கள். நம்பாதே. முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், வருஷக் கணக்கில் அது 75 சதவீதத்துக்கு மேல் போகிறது. செல்போன் ஆப் கடன் பக்கமே போகாதே. தவணை தவறினால் உன் போனில் உள்ள நம்பருக்கெல்லாம் பேசி மானத்தை வாங்குவார்கள். வண்டிக்குத் தவணை இருந்தால், தேதிக்கு முன்பே கம்பெனிக்குப் போய், காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கும்படி எழுத்தில் கேள். கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் கடன் கொடுத்தவனும் அபராதம் போடுவான், வங்கியும் போடும். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்று நீதிமொழிகள் 22:7 சொல்வது திருப்பூரில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்கிறது.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுக்கும் தசமபாகம் பற்றி நீ தனியாகக் கேட்டிருந்தாய். 4,200-க்கு 420. நகை வட்டி 100 போக மீதி 550-இல் அது அடங்கும், கையில் 130 நிற்கும். மனதார முடியுமானால் கொடு. முடியாத வாரம் ஐம்பது ரூபாய் கொடுத்தால் அதற்காகத் தலை குனியாதே. "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று 2 கொரிந்தியர் 8:12-இல் பவுல் எழுதியிருக்கிறார். ஒன்பது ஷிஃப்ட் காலத்தில் கொடுத்த அதே தொகையைக் கடன் வாங்கிக் கொடுக்கும்படி தேவன் கேட்கவில்லை. விதைக் காணிக்கை போட்டால் நூறு மடங்கு வரும், கடன் வாங்கியாவது போடு என்று டி.வி.யில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இல்லாதவன் வீட்டுப் பாத்திரத்தையும் பிடுங்குகிற பேச்சு அது.

"என் தேவன் தம்முடைய ஐசுவரியத்தின்படி உங்கள் குறைவையெல்லாம் கிறிஸ்து இயேசுவுக்குள் மகிமையிலே நிறைவாக்குவார்" என்ற பிலிப்பியர் 4:19-ஐ உன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாய். அதற்கு முந்தின வசனத்தையும் வாசி. எப்பாப்பிரோதீத்து என்ற மனுஷன் கையில் பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பியது வந்து சேர்ந்தது என்று பவுல் ரசீது எழுதுகிறார். பவுலுக்கு வந்த பராமரிப்புக்கு ஒரு ஆள் இருந்தான், அவனுக்கு வழிநடை இருந்தது. அதே அதிகாரத்தில், பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்றும் சொல்கிறார். பசியே வராது என்ற வாக்குறுதியை நான் உனக்குக் கொடுக்க முடியாது, வேதமும் கொடுக்கவில்லை. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று ஆபகூக் தொடங்கும்போது, மரம் துளிர்க்கவில்லை என்பதை ஒளிக்காமல்தானே சொல்கிறான்?

ஜார்ஜ் முல்லரை நீ உதாரணம் காட்டியிருந்தாய். 1836-இல் பிரிஸ்டலில் அனாதை இல்லம் தொடங்கியவர், யாரிடமும் கேட்காமல் ஜெபத்தினாலேயே பதினாயிரம் பிள்ளைகளுக்கு மேல் வளர்த்தார், அதனால் நானும் வெளியே சொல்ல மாட்டேன் என்கிறாய். முல்லர் கேட்காமலிருந்தது உண்மை. ஆனால் அவர் கடனும் வாங்கவில்லை, வந்த காசை எழுதாமலும் விடவில்லை, வரவுசெலவை அறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டார். நீ மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நோட்டையும் கடன் விஷயத்தையும் விட்டுவிட்டாய். தேவன் ஜெபத்தைக் கேட்கிறார் என்று உலகம் பார்க்கவேண்டும் என்பதற்காக அவர் அந்த வழியை எடுத்தார், எல்லாருக்கும் அது சட்டமில்லை. எருசலேம் பரிசுத்தவான்களின் கஷ்டத்தைப் பவுல் சபை சபையாகச் சொல்லிக் காசு சேர்த்தார். ரோமப் பேரரசன் கிலவுதியு காலத்துப் பஞ்சத்துக்கு அந்தியோகியா சபை அவனவன் திராணிக்குத் தக்கதாகப் பணம் அனுப்பியது.

ஆகவே உங்கள் சபை ஆயரைப் போய்ப் பார். பொதுவாக "கஷ்டம் ஐயா, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதே. அவர் ஜெபித்துவிட்டு அனுப்பிவிடுவார், அவர்மேல் குற்றமில்லை. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, நவம்பர் வரை அம்மா மாத்திரைக்கு மாதம் 800 கிடைத்தால் சமாளிப்பேன் என்று சொல். தொகையும் காலமும் தெரிந்தால்தான் ஏழைகள் நிதியிலிருந்து கொடுக்கக் கமிட்டிக்கு வசதி.

இங்கே பெண்கள் ஐக்கியத்தார் பிடி அரிசியை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் சபையிலும் சொல்லிப் பார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். இரண்டு வேளை என்றால் மாதம் 3 கிலோ. அறுபது வீடு சேர்ந்தால் 180 கிலோ, மாதம் பத்து கிலோ வீதம் பதினெட்டுக் குடும்பத்துக்குப் போதும். கெட்டுப்போவது எங்கே என்றால், பச்சரிசியும் புழுங்கலும் இட்லி அரிசியும் ஒரே சாக்கில் கலந்துவிடும். ஒன்று குழையும்போது மற்றது வேகாது, வாங்கினவர்கள் கோழிக்குப் போடுவார்கள். புழுங்கல் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மூன்று சாக்கு தனித்தனியாக வைக்க வேண்டும். ஈரக் கையால் எடுத்த அரிசியில் சீக்கிரம் வண்டு விழும். வெயிலில் காயப்போட்டு வேப்பிலை போட்டால் தாங்கும். கோயிலில் பேர் வாசித்துக் கொடுக்கக் கூடாது. இங்கே சனிக்கிழமை இருட்டினபின் இரண்டு பேர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

ரேஷன் அரிசி வாங்குவது அவிசுவாசம் என்று உன் வீட்டுப் பக்கத்தில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தது யாருக்காக? அரசாங்கக் களஞ்சியத்தின் வழியாகத்தான் தேவன் யாக்கோபின் வீட்டையும் பிழைக்க வைத்தார். அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. தவறாமல் வாங்கு. தங்கச்சி மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000-க்கு விண்ணப்பித்தாளா என்று எழுதவே இல்லையே? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்குமா என்றும் பார். வருஷ வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. போன வருஷக் கூலியில் உனக்குக் கிடைத்திருக்காது, இப்போதைய வாரம் 4,200-கூட வருஷத்துக்கு 2,00,000-ஐத் தாண்டுகிறது, வருமானம் இன்னும் குறைந்தால் வருமானச் சான்று கிடைக்குமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள். ஆஸ்பத்திரிச் செலவு ஒன்று வந்தால் நான் மேலே போட்ட கணக்கு முழுதும் உடைந்துபோகும் என்பதால் சொல்கிறேன்.

கம்பெனி விஷயத்தில் ஒன்றைக் கவனி. வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலில் உன் பேர் இருந்து, ஒரு வருஷம் முடிந்து, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்தால், வேலை இல்லை என்று நிறுத்தும் நாளுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கேட்க உனக்கு உரிமை உண்டு. அதற்கு அந்த நாளிலும் வேலை நேரத்தில் போய் ஆஜராக வேண்டும். வீட்டில் படுத்துவிட்டால் அது போயிற்று. ஆள் குறைக்கும்போது, ராஜினாமா எழுதிக் கொடு, ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம் என்பார்கள். எழுதிவிட்டால் ஆட்குறைப்பு நஷ்டஈடு கேட்க முடியாது. ஐந்து வருஷம் தாண்டினவனுக்கு கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை தனி, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கு. 15,000 சம்பளத்துக்கு எட்டு வருஷம் என்றால் 69,000-க்கு மேல் வரும். இதைக் கேட்பது பேராசை என்று நினைக்காதே. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அப்போஸ்தலர் காலத்து யாக்கோபு தம் நிருபத்தில் எழுதியிருக்கிறார், அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டதென்றும் எழுதியிருக்கிறார்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகக் கிடைத்த மன்னா தலைக்கு நாளுக்கு ஒரு ஓமர் அளவுதான், ஆறாம் நாளில் இரட்டிப்பு. பயத்தால் கூட்டி வைத்தது புழுத்தது, சொன்னபடி ஓய்வுநாளுக்கு எடுத்து வைத்தது கெடவில்லை. வாரக்கூலிக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி தெரியவில்லை. சனிக்கிழமை வந்ததில் வாடகைக்கும் சாமானுக்கும் எடுத்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைத் திறக்காதே. பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்து படுத்துத் தூங்கு.

தீபாவளி போனஸ் பேச்சு என்ன ஆயிற்று என்று எழுது. வருகிறது என்றால் அது வரும் முன்பே அதற்குப் பேர் எழுதி வை: பாதி நகைக்கடன் அசலுக்கு, மீதியில் பிள்ளைகளுக்குத் துணி. நோட்டின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நாங்கள் குடும்ப ஜெபத்தில் இருப்போம், உங்கள் நான்கு பேர் பேரையும் அம்மாவின் சுகத்தையும் சொல்லி ஜெபிக்கிறோம். அந்த 800 ரூபாய்க்கு உங்கள் கமிட்டி கூடத் தாமதமானால் தயங்காமல் எனக்குச் சொல்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உன் நண்பன்