எங்கள் உணவு வங்கி மூடாமல் காத்த உங்களுக்கு

அன்பு நண்பர்களே,

வணக்கம். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் நம் ஊர்ச் சிறிய உணவு வங்கி அடுத்த நிதியாண்டிலும் திறந்திருக்கும். மண்டப வாடகை, மின்கட்டணம், ஒருங்கிணைப்பாளரின் பகுதிநேரச் சம்பளம் மூன்றுக்கும் பணம் சேர்ந்துவிட்டது. மானியம் இனி இல்லை என்று கடிதம் வந்தபோது இப்படி ஒரு மடல் எழுதுவேன் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள்தான் எழுத வைத்தீர்கள்.

"இவ்வளவு வசதியான நாட்டில் சாப்பாட்டுக்கா கஷ்டம்?" என்று கேட்டுக்கொண்டேதான் உங்களில் பலர் உதவினீர்கள். நியாயமான கேள்வி. வேலை போன ஒருவர் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசின் மாத உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், முதல் பணம் கைக்கு வர ஐந்து வாரம் ஆகும். அதுவரை தாங்க முடியாதவருக்கு முன்பணம் உண்டு. ஆனால் அது கடன், பின்னால் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். 2016 முதல் 2020 வரை விலைவாசி ஏறியும் உழைக்கும் வயதினருக்கான பெரும்பாலான உதவித்தொகைகளை ஏற்றவே இல்லை. கோவிட் நேரத்தில் வாரம் 20 பவுண்டு கூட்டித் தந்ததை 2021 அக்டோபரில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு முடிவும் தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். எல்லாம் ஒரே வீட்டில் வந்து விழும்போதுதான் அந்த வீட்டு அம்மா எங்கள் வாசலில் நிற்கிறார். வருகிறவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாடெங்கும் கிளைபரப்பிய ட்ரசல் என்ற தொண்டு அமைப்பின் உணவு வங்கிகள் மட்டும் 2025 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் கிட்டத்தட்ட 29 லட்சம் அவசர உணவுப் பொதிகளைக் கொடுத்திருக்கின்றன. அதில் 10 லட்சத்துக்கும் மேல் குழந்தைகளுக்கானவை. எங்களைப் போல் தனியாக நடத்துகிறவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இனி நன்றி.

மாதம் 5 பவுண்டு என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்களே, முதல் நன்றி உங்களுக்குத்தான். விழாக் காலத்தில் அட்டைப்பெட்டிகள் மண்டபம் நிறைய வந்துவிடும். பிப்ரவரியில் அலமாரி காலியாகக் கிடக்கும். தவறாமல் வரும் பணம் இருந்தால்தான் அந்த மாதம் டின் மீனும் நாப்கினும் வாங்க முடியும். நன்கொடைக்கு அரசு வரியைத் திருப்பித் தரும் கிஃப்ட் எய்ட் திட்டத்தின் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டதால் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் சேர்ந்தது. உங்கள் 5 பவுண்டு எங்களுக்கு 6 பவுண்டு 25 பென்ஸ் ஆனது. பணம் கொடுத்தவர்கள் யாரும் "இது சாப்பாட்டுக்கு மட்டும்" என்று கட்டுப்பாடு போடவில்லை. அதன் அருமை கணக்குப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். வாடகைக்கும் காப்பீட்டுக்கும் பணம் தர யாருக்கும் ஆர்வம் வருவதில்லை. ஆனால் அவை இல்லாமல் ஒரு ரொட்டியைக்கூட யார் கையிலும் கொடுக்க முடியாது.

வேன் ஓட்டும் அண்ணனுக்கு நன்றி. இரவு வேலை முடிந்து, தூங்காமல், கடைகளில் மிச்சமாகும் காய்கறியை வாங்கிவந்து இறக்கிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். "கெட்டில் பை" என்ற யோசனையைச் சொன்ன அக்காவுக்கும் நன்றி. அடுப்பே இல்லாத அறையில் தங்கவைக்கப்பட்டவர்களுக்கு அரிசியும் பாஸ்தாவும் கொடுத்து என்ன பயன்? வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற பொருள்களை மட்டும் தனியாகக் கட்டிவைக்கச் சொன்னார். முன்பணம் போட்டால்தான் மின்சாரம் வரும் மீட்டர் உள்ள வீடுகளில், கையில் காசு இல்லாத நாள்களில் கெட்டிலும் ஓடாது. அதற்கென்று ஒரு சின்ன நிதி ஒதுக்கச் சொன்னவரும் அவர்தான். பள்ளியிலிருந்து பெற்றோரை எங்களிடம் அனுப்பிய ஆசிரியைகளுக்கும், காலியாகக் கிடந்த பின்கட்டை எங்களுக்குக் கிடங்காகக் கொடுத்த தேவாலயத்தாருக்கும், சனிக்கிழமைதோறும் சாப்பாடு சமைத்து அனுப்பிய கோவில் சமையலறைக்கும் என் கும்பிடு.

ஆலோசனை மையத்திலிருந்து வந்து எங்கள் மண்டபத்தின் ஒரு மூலையில் மேசை போட்டு உட்காரும் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 ஏப்ரலிலிருந்து நலத்தொகைத் தகராறுகளுக்கு அரசின் சட்ட உதவி பெரும்பாலும் கிடையாது. தவறான முடிவு வந்தால் முதலில் மறுபரிசீலனை கேட்க வேண்டும், அப்புறம் தீர்ப்பாயம். உடம்பு முடியாத ஒருவர் இதைத் தனியாகச் செய்வது எப்படி? இந்த அம்மா பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்கிறார், கூடவே போகிறார். நாங்கள் கொடுப்பது மூன்று நாள் சாப்பாடு. அவர் வாங்கிக் கொடுப்பது ஒருவருடைய மாத வருமானம். அவருடைய மையமும் தள்ளாடுகிறது. 2025 ஏப்ரலில், ஊழியர் சம்பளத்தின்மேல் முதலாளிகள் அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. எங்களைப் போல ஓரிருவர் மட்டும் சம்பளம் வாங்கும் இடங்களுக்கு உள்ள சலுகையால் நாங்கள் தப்பித்தோம். நிறையப் பேரை வேலைக்கு வைத்திருக்கும் மையங்களுக்கு அது பெரிய அடி. இருந்தும் அவர் வருகை நிற்கவில்லை.

விசா விதியால் பெரும்பாலான அரசு உதவித்தொகைகளுக்குத் தகுதியில்லாத மாணவர்களும் முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறவர்களும் எங்களிடம் வருகிறார்கள். அவர்களிடம் விசா பற்றிக் கேட்பதில்லை என்று அறங்காவலர்கள் முடிவெடுத்தார்கள். சம்பளம் எதுவும் வாங்காமல், பொறுப்பை மட்டும் தோளில் சுமக்கும் அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

இன்னொரு கூட்டத்துக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். எங்களுக்கு ஒரு டின்கூடத் தராமல், தங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதியவர்கள். 2017 ஏப்ரலில் வந்த இரண்டு குழந்தை வரம்பினால், அதற்குப் பிறகு பிறந்த மூன்றாவது குழந்தைக்கு யூனிவர்சல் கிரெடிட்டில் குழந்தைக்கான தொகை கிடைக்காமல் போனது. பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தார்கள். 2026 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு நீங்கும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் கடிதங்கள் எங்கள் அலமாரியைவிட அதிகக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடும். நாங்கள் என்ன கொடுத்தாலும் அது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும். தயவுசெய்து எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். ஏனென்றால், அதே 2026 ஏப்ரலிலிருந்து, யூனிவர்சல் கிரெடிட்டில் நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான கூடுதல் தொகை, புதிதாகக் கேட்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஏறக்குறைய பாதியாகிறது.

கடைசியாக, ஒரு காலத்தில் பரிந்துரைச் சீட்டோடு இங்கே வந்து, இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பொருள் எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கு. முதல் முறை உள்ளே வரத் தயங்கி வாசலில் நிற்பவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று உங்களைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றோம்.

செலவு போக மீதமுள்ள தொகையை ஆலோசனை மேசைக்கு இன்னொரு நாள் சேர்க்க ஒதுக்கியிருக்கிறோம். ஆண்டுக் கணக்கு தணிக்கை முடிந்ததும் எல்லோருக்கும் அனுப்புகிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
உணவு வங்கித் தொண்டர்கள் சார்பாக