தாய்மார் நல ஆய்வு: களப்பணிக்குப் பெயர் தரவும்

அனைவருக்கும் வணக்கம். குழந்தை பிறந்து 6 வாரம் முதல் 6 மாதம் வரையான தாய்மாரிடம் மாநிலம் முழுக்க எடுக்கும் ஆய்வுக்கு, நம் செவிலியர் கல்லூரி முன்னாள் மாணவிகளைக் கேட்டிருக்கிறார்கள். பயிற்சி வரும் ஞாயிறு காலை 10 மணி, கல்லூரிக் கருத்தரங்கக் கூடம்.

1. ஆய்வுக்கான தாய்மார் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் புகுந்த வீட்டு முகவரி. தாய் அம்மா வீட்டில் இருப்பார். 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதித் திரும்பாமல், கிராம சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள். அவருக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சேர்த்தால், ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த மாதிரியே (sample) கெட்டுவிடும்.

2. எடின்பரோ மனச்சோர்வு அளவுகோல் (பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் கேள்வித்தாள்): 10 கேள்வி, கடந்த 7 நாள் மட்டும், மொத்தம் 30 மதிப்பெண். அச்சிட்ட தமிழை அப்படியே வாசியுங்கள். 'நல்லாத்தானே இருக்கீங்க?' என்று கேட்டால் 'ஆமா'தான் வரும். மாமியார் பக்கத்தில் இருந்தாலும் அதே கதை. அதனால் இருவராகப் போங்கள்; ஒருவர் மாமியாரிடம் பேச்சுக் கொடுக்கட்டும்.

3. 10வது கேள்வி தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், இதில் 0 தவிர எது வந்தாலும் தாயைத் தனியே விடாமல் அங்கிருந்தே மேற்பார்வையாளரை அழையுங்கள். டெலிமானஸ் (அரசின் மனநல உதவி அழைப்பு) எண் 14416.

4. பிரசவத்துக்குப் பின் இரும்புச்சத்து மாத்திரை 180 நாள். வாய்வார்த்தையை நம்பாமல் மாத்திரை அட்டையில் மிச்சத்தை எண்ணுங்கள்.

வெள்ளி இரவு 8 மணிக்குள் பெயர், படித்து முடித்த ஆண்டு, போக முடிந்த மாவட்டம் மூன்றையும் இங்கே பதிவிடவும். கட்டைவிரல் எமோஜி மட்டும் போட்டால் கணக்கில் வராது. தாய்மார் பெயர், படம் எதையும் குழுவில் போட வேண்டாம்.