இன்ஜின் இல்லாத வண்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் கையில் கிரீஸ். சோப்பு போட்டும் போகவில்லை, தாளில் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பு. இந்த வாரம், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் என் சின்ன ட்ரெய்லரின் இரண்டு சக்கரங்களையும் கழற்றிப் பேரிங் பார்த்தேன். அது முடிந்த கையோடு எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வீடு மாறினான். கட்டில், பீரோ, மூட்டை மூட்டையாகப் புத்தகம் என்று நான்கு நடையில் எல்லாவற்றையும் நானே இழுத்துக்கொண்டு போய் இறக்கினேன். உன் முட்டி வலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? மருத்துவரிடம் போனாயா இல்லையா?

சரி, ட்ரெய்லர் வாங்கப்போவதாக எழுதி நீ கேட்டதற்கு வருகிறேன். புதிதா, பழையதா? பழையதே போதும். ஆனால் நின்றுகொண்டு பார்த்து வாங்காதே, படுத்துப் பார்த்து வாங்கு. நான் நின்றுகொண்டு பார்த்துத்தான் ஏமாந்தேன். புதுப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. இரண்டே மாதத்தில், இழுவைக் கம்பி சட்டத்தோடு சேரும் வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உதிர்ந்து விழுகிறது. துருவை மறைக்கத்தான் அந்தப் பெயிண்டே. நீ போகும்போது ஒரு பழைய ஸ்குரூ டிரைவரையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போ. விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். துரு ஏறாமலிருக்கத் துத்தநாகக் குளியல் போட்ட சட்டம் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை எடு. தரைப் பலகை உளுத்திருந்தால் பரவாயில்லை, ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம்.

டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுகள், நன்றாக இருக்கிறது என்று மயங்காதே. ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட நின்று நின்றே வெடிப்பு விட்டுச் சாவதுதான் அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அதைப் படித்துவிட்டு விலை பேசு. ஸ்டெப்னியையும் கேட்டு வாங்கு. அந்தக் குட்டிச் சக்கரத்துக்கு உன் கார் ஸ்டெப்னி உதவாது.

அப்புறம் பேரிங். சக்கரம் சின்னது என்பதால் கார் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இது ஒன்றரைச் சுற்று சுற்றிவிடும். அவ்வளவு ஓடினாலும் இன்ஜின் இல்லாத வண்டி ஆயிற்றே என்று நாம் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன வருடம் ஒரு நீண்ட பயணத்தில் ஏதோ கருகும் வாடை வந்தது. எவன் வண்டியோ என்று நினைத்துக்கொண்டே இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டினேன். என் வண்டிதான். சக்கரத்தின் நடுக்குமிழான ஹப்பின் மூடி எங்கேயோ விழுந்துபோய், தூசி புகுந்து, கிரீஸ் கூழாகி, வலது சக்கரம் தொட முடியாத சூட்டில் இருந்தது. நான்கு மணி நேரம் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தோம். உன் தங்கச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இப்போது எங்கே கிளம்பினாலும் முதல் இருபது நிமிடத்தில் நிறுத்தி, இரண்டு ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கேயே நிறுத்திப் பார்க்க வேண்டியதுதான். வாங்கும்போதும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதைக் கொடு, கரகரவென்று சத்தம் வரக் கூடாது. பிறகு மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார். லேசான ஆட்டம் என்றால் நட்டை முறுக்கிச் சரிசெய்யலாம், கடகடவென்று ஆடினால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பாரம் ஏற்றுவதில் ஒரு கணக்கு சொல்கிறேன். என் தொட்டி 1.2 மீட்டர் நீளம், 0.9 அகலம், 0.4 உயரம். சின்னதுதானே என்று ஈர மணலைத் தலை தட்ட நிரப்பினால் 700 கிலோவுக்கு மேலேயே வந்துவிடும். ஐரோப்பா போன்ற இடங்களில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு, அதன் சொந்த எடையையும் சேர்த்தே 750 கிலோதான் எல்லை. அதனால் மணல் என்றால் பாதித் தொட்டிதான். மெத்தை, தலையணை என்றால் கோபுரமாகவே ஏற்று, தார்ப்பாயை மட்டும் இறுக்கிக் கட்டு.

பாரம் சக்கர அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். நான் ஒருமுறை சோம்பல்பட்டு வாஷிங் மெஷினைப் பின்கதவோரமாகவே வைத்துவிட்டேன். வேகம் கூடியதும் ட்ரெய்லர் நாய் வாலாட்டுவதுபோல ஆட ஆரம்பித்தது, காரின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டியது. அப்போது பிரேக்கை அழுத்தாதே, ஸ்டியரிங்கைத் திருப்பி எதிர்க்காதே. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திரு, தானாக அடங்கும். இப்போதெல்லாம் இழுவைக் கம்பியின் முனைக்கு அடியில் கட்டை வைத்து, கட்டைக்கு அடியில் வீட்டு எடை மிஷினை வைத்து மூக்குப் பாரத்தை, அதாவது கார்க் கொக்கியின் மேல் அழுத்தும் பாரத்தை, நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஐரோப்பாவில் ட்ரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள், அமெரிக்காவில் 10 முதல் 15. உன் காரின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் பார், அதைத் தாண்டாதே.

விளக்குகளில் வினோதமாக ஏதாவது நடந்தால், பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மினுக்குவது மாதிரி, பல்பை மாற்றிக்கொண்டே இருக்காதே. எர்த் வயரைத் தேடு. அது சட்டத்தோடு சேரும் இடத்தில் துரு இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினால் தீர்ந்தது. நான் மூன்று பல்பு வாங்கிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன்.

ரிவர்ஸ் எடுப்பதைக் காலி மைதானத்தில் ஆளில்லாத நேரத்தில் பழகு. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடி, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. சின்ன ட்ரெய்லர்தான் இதில் பெரிய குறும்பு, கண் மூடித் திறப்பதற்குள் மடங்கிவிடும்.

எதற்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய். உன் காரின் கொக்கிப் பந்தின் மேல் அளவு பொறித்திருக்கும், அதையும், அந்தப் பந்தைக் கவ்விப் பூட்டும் ட்ரெய்லர் குழியின் மேல் இருப்பதையும் படித்து எனக்கு எழுது. 50 மில்லிமீட்டர் குழிக்குள் 47.6 மில்லிமீட்டர் பந்தும் உட்காரும், பூட்டும் விழும், முதல் பள்ளத்தில் கழன்று குதிக்கும். முட்டியைப் பற்றியும் அதே தாளில் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்