துருவம் ஒரே இரவில் புரளாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பூமியின் காந்தத் துருவங்கள் இடம் மாறுவது பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஒரே இரவில் வடக்கு தெற்காகும்' என்ற வரி அன்று மாலையே எங்கள் குடியிருப்பின் புலனக் குழுவுக்கு வந்துவிட்டது. கூடவே உலக அழிவும். கட்டுரையாளர் கடலடி வண்டலைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது.

ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் சில சென்டிமீட்டர்தான் சேறு படியும். அதிலுள்ள மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் நுண்ணிய துகள்கள் அக்காலக் காந்தப்புலத்தின் திசைக்குத் திரும்பி, மேலே சேறு ஏற ஏற அப்படியே இறுகிவிடுகின்றன. கடைசியாகத் துருவம் புரண்டது ஏறத்தாழ 780,000 ஆண்டுகளுக்கு முன்பு. கடைசி நான்கு புரட்டல்களின் வண்டல் பதிவுகளை 2004-இல் ஒப்பிட்ட புவி இயற்பியலாளர் பிராட்ஃபோர்ட் கிளமென்ட், திசை மாறி முடியச் சராசரியாக 7,000 ஆண்டுகள் பிடித்ததாகக் கணக்கிட்டார். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பக்கம் சுமார் 2,000 ஆண்டுகள். இதுவா ஒரே இரவு?

நம் பக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பாவுக்கென்று செய்த திசைகாட்டியைப் பினாங்கில் வைத்துப் பாருங்கள். முள்ளின் தெற்கு முனை தாழ்ந்து அடித்தட்டில் உரசும். அங்கே காந்தப்புலம் முள்ளின் வடமுனையைக் கீழே இழுப்பதால், ஈடுகட்டத் தென்முனையில் எடை வைத்திருப்பார்கள். இங்கே புலம் ஏறக்குறையக் கிடையாக இருப்பதால் அந்த எடை வீண். கடலடிச் சேற்றைத் தூணாக வெட்டி எடுக்கும் குழாய்க்கும் இந்தக் கிடைப்புலத்தால் தொல்லைதான். இறங்கும்போது அது எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியாது; எனவே சேற்றின் கிடையான காந்தம் அன்று வடக்கைக் காட்டியதா தெற்கைக் காட்டியதா என்று சொல்வது கடினம். துருவத்தருகே அதனால் நட்டமில்லை, காந்தம் மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று பார்த்தாலே போதும். 1966-இல் புவி இயற்பியலாளர் நீல் ஒப்டைக்கின் குழுவினர் அண்டார்டிக்கா பகுதிச் சேற்றில் புரட்டல்களைத் தெளிவாகக் காட்ட முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். (மலாக்கா நீரிணையில் இதைத் தேட வேண்டாம். ஆழமில்லாத கடல், பனியுகத்தில் பெரும்பகுதி தரையாகவே கிடந்தது.)

புரட்டலின்போது காந்தப்புலம் வெகுவாக வலுவிழக்கும் என்பதும், துணைக்கோள்களுக்கும் மின்கட்டமைப்புக்கும் அது தொல்லை தரும் என்பதும் உண்மை. அதை எழுதுங்கள், வரவேற்கிறேன். ஆனால் அச்சுக்குப் போகுமுன் புவி இயற்பியல் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு